கணினியோடு ஒரு பென்டிரைவும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு கணினி அறை திறப்பு விழாப் படம் வந்திருந்தது. ரிப்பன், கத்தரி, வரிசையாகக் கணினிகள், பின்னால் சீருடையில் பிள்ளைகள். எந்த ஊர் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் படத்தில் நான் முதலில் தேடியது சுவரோரம் ஏதாவது கேபிள் ஓடுகிறதா என்றுதான். முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன் கண் அங்கேதான் போகும். கேபிள் இல்லை. நெட் இல்லாத அறையில் அந்தப் பிள்ளைகள் முதல் மாதம் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பெயின்ட்டில் வீடும் தென்னைமரமும் வரைவார்கள். இரண்டாவது மாதம் அறை பூட்டியிருக்கும். எங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்தது. பிறகு பூட்டைத் திறந்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஊர். ஊரில் ஒரு படிப்பகம் உண்டு. குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் படிப்பகத்தை விளக்க வேண்டாம்: ஓட்டுக்கூரை, நீள பெஞ்சு, கேரம் போர்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் பத்திரிகைக் கட்டு. குவைத்திலும் சவுதியிலும் இருக்கும் ஊர்ப்பையன்கள் பணம் சேர்த்து ஆறு பழைய கணினிகளை வாங்கித் தந்தார்கள். நான்கில் விண்டோஸ் 7, இரண்டில் விண்டோஸ் 10. செல்போன் சிக்னல் படிப்பகத்துக்குள் ஒரு கட்டம்கூட வராது. பின்னால் பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கட்டம் வரும், மழை பெய்தால் அதுவும் போகும். எங்களுக்கோ இடவப்பாதி, துலாம் என்று வருடத்தில் இரண்டு மழைக்காலம். கம்பியில் வந்துகொண்டிருந்த போன் இணைப்பு 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ரப்பர் மரங்களோடு சேர்ந்து சாய்ந்தது. நானே கட்டிய கம்பி. பிறகு அது எழவில்லை.

என் மகள்வழிப் பேத்தி அப்போது பிளஸ் ஒன். கணினி அறிவியல் பாடத்தில் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். "பாட்டா, மார்த்தாண்டத்துல அக்கா காலேஜ்ல எல்லாரும் விஎஸ் கோட்லதான் எழுதுதாவ. நமக்கும் அது வேணும்" என்றாள். பாடப்புத்தகம் சொல்கிற, பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற எடிட்டர் போதாதா என்று கேட்டால் போதும்தான். ஆனால் படிப்பகத்துக்கு எச்டிஎம்எல் பழக வருகிற பிள்ளை உண்டு, சி பிளஸ் பிளஸ் பிள்ளை உண்டு, பைத்தான் பிள்ளை உண்டு. மூன்றுக்கும் ஒரே பலகை இருந்தால் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு லேசு. அதுவும் சொல்லிக் கொடுக்கிறவன் நானாக இருந்தால்! எனக்குத் தெரிந்த ஒரே கோட் எஸ்டிடி கோட்.

விஎஸ் கோட் என்பது மைக்ரோசாஃப்ட் 2015ல் வெளியிட்ட நிரல் எழுதும் எடிட்டர். காசு கிடையாது. பேத்தி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு ஆற்றூர் வழியாக மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன். பிரவுசிங் சென்டர் பையன் சுமார் 100 எம்பி கோப்பு ஒன்றை இறக்கிப் பென்டிரைவில் போட்டுத் தந்தான். சில மென்பொருள்களில் முதலில் வருவது வெறும் குட்டிக் கோப்பு, மீதியை நெட்டில்தான் இழுக்கும். இது அப்படியல்ல, முழுச் சரக்கும் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10 கணினிகளில் நெட்டே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்கு விண்டோஸ் 7 கணினிகளில் திறக்கவே மறுத்தது. திறந்த இரண்டிலும் பேத்தி ஒரு வரி பைத்தான் எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். "பாட்டா, இது ஓடல்லியே."

ஓடாது. எடிட்டர் என்பது எழுதுகிற ஸ்லேட்டு மட்டும்தான். பைத்தானை ஓட்டுகிறவன் வேறு ஆள், அவனைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். சி பிளஸ் பிளஸ்ஸை ஓட்டுகிறவன் இன்னொருவன். எடிட்டருக்கும் இவர்களுக்கும் நடுவில் பேசி வைக்கிற ஆள் எக்ஸ்டென்ஷன். இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று பஸ் டிக்கெட் மிச்சம்.

இரண்டாவது முறை புதிய பைத்தானை இறக்கி வந்தேன். விண்டோஸ் 7 அதையும் ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்ட விண்டோஸ் அது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கைவிட்டுவிட்டன. விண்டோஸ் 7ல் ஓடுகிற கடைசிப் பைத்தான் 3.8 வரிசை. அதிலும் விண்டோஸுக்கு இன்ஸ்டாலர் கிடைக்கிற கடைசி எண் 3.8.10. விஎஸ் கோடுக்கு அந்த எல்லைக்கல் 1.70.3, 2022ல் வந்தது. பழைய பதிப்புகளை எங்கே எடுப்பது என்று தேட வேண்டாம், விஎஸ் கோடின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் தளத்தில் ஒரு வெளியீட்டுக் குறிப்புப் பக்கம் இருக்கிறது, அதன் தலையிலேயே இறக்கும் சுட்டி இருக்கும். உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் 10 என்றால் எல்லை வேறு: 1.83.

மூன்றாவது முறை நான் போகவில்லை. என் தங்கை மகன் பொறியியல் படிக்கிறான், லீவுக்கு வரும்போது எக்ஸ்டென்ஷன்களைக் கொண்டுவரச் சொன்னேன். எக்ஸ்டென்ஷனுக்குக் கோப்பு வடிவம் விஎஸ்ஐஎக்ஸ். முன்பெல்லாம் எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கிற மைக்ரோசாஃப்ட்டின் கடையான மார்க்கெட்பிளேஸ் இணையப் பக்கத்திலேயே இறக்கும் சுட்டி இருந்தது. இப்போது நெட் உள்ள கணினியில் புதிய விஎஸ் கோடைத் திறந்து, எக்ஸ்டென்ஷன் பெயர்மேல் ரைட் கிளிக் செய்தால் 'டவுன்லோட் விஎஸ்ஐஎக்ஸ்' என்று வரும். பழைய எடிட்டருக்கு வேண்டுமென்றால் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்டு இறக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. நம் பக்கத்தில், எக்ஸ்டென்ஷன் பட்டையின் மூன்று புள்ளியை அழுத்தி 'இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்' கொடுத்தால் முடிந்தது. சொல்ல இவ்வளவுதான். பையன் கொண்டுவந்ததில் சி பிளஸ் பிளஸ் எக்ஸ்டென்ஷன் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று திரும்பி நின்றது. அவனுடைய லேப்டாப்பில் லினக்ஸ். அதனால் லினக்ஸுக்கான கோப்பு இறங்கியிருக்கிறது. சில எக்ஸ்டென்ஷன்கள் எல்லாக் கணினிக்கும் பொது, சில ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி. சி பிளஸ் பிளஸ் இரண்டாவது ரகம். 64 பிட் விண்டோஸுக்கு உரியதன் பெயர் 'வின்32-எக்ஸ்64'. முன்னால் 32 என்று இருப்பதைப் பார்த்து, இது நமக்கில்லை என்று ஒருமுறை ஒதுக்கி வைத்த அறிவாளி நான்தான்.

பைத்தான் எக்ஸ்டென்ஷனில் வேறு சிக்கல். அது தனியாள் இல்லை, பைலான்ஸ் முதலான கூட்டாளிகளோடு வாழ்கிறது. நெட் இருந்தால் கூட்டாளிகள் தாமாக வந்து சேருவார்கள். இல்லாத இடத்தில் ஒவ்வொருவரையும் நாம் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அதோடு எல்லோருடைய வயதும் எடிட்டரின் வயதுக்குப் பொருந்த வேண்டும். 2022ன் எடிட்டர், இந்த வருடத்து எக்ஸ்டென்ஷனை உள்ளே விடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், லைன்மேன் புத்திதான். விஎஸ்ஐஎக்ஸ் என்பது உண்மையில் ஜிப் கோப்பு. ஒரு நகல் எடுத்து, வால் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'எக்ஸ்டென்ஷன்' என்ற ஃபோல்டரில் 'பேக்கேஜ்' என்று ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். அதில் 'எஞ்சின்ஸ்' என்று தொடங்கும் இடத்தில் எடிட்டர் குறைந்தது எந்தப் பதிப்பாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நம்மிடம் இருப்பதைவிட அது பெரிய எண்ணாக இருந்தால் தொடவேண்டாம். கம்பம் ஏறும் முன்பு கீழிருந்தே கம்பியின் கனத்தைப் பார்ப்பது மாதிரி.

நான்காவது பயணம் நாகர்கோவிலுக்கு. அன்றைக்குக் கையில் முழுப் பட்டியல் இருந்தது. சி பிளஸ் பிளஸ்ஸை ஓட்டும் ஜிசிசி கம்பைலருக்கு விஎஸ் கோட் தளத்துப் பாடம் எம்சிஸ்2 என்ற வழியைச் சொல்கிறது. அந்த வழியில் பாதிச் சரக்கை நெட்டிலிருந்து இழுக்க வேண்டும், நமக்கு ஆகாது. வின்லிப்ஸ் என்ற தளத்தில் கம்பைலர் முழுதும் ஜிப்பாகவே கிடைக்கிறது. விண்டோஸ் 7க்கு அதில் எம்எஸ்விசிஆர்டி என்று குறித்ததை எடுக்க வேண்டும், யூசிஆர்டி என்பதை அல்ல. பையன் இறக்கிக்கொண்டிருந்தபோது நான் இரண்டு சாயாவும் ஒரு ரசவடையும் முடித்தேன்.

இனி சொல்லப்போவதுதான் எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது. விஎஸ் கோடை இன்ஸ்டாலராக எடுக்காமல் ஜிப்பாக எடுத்தோம். விரித்த ஃபோல்டருக்குள், ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'டேட்டா' என்று ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கினால் போதும். அதற்குப் பிறகு போடுகிற எக்ஸ்டென்ஷன், செட்டிங் எல்லாம் அதற்குள்ளேயே தங்கிவிடும். கணினியில் வேறெங்கும் சிதறாது. ஒரே ஒரு கணினியில் நிதானமாக எல்லாவற்றையும் ஏற்றி, மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, அந்த ஃபோல்டரை அப்படியே மற்ற ஐந்திலும் வைத்தோம். பைத்தானையும் கம்பைலரையும் மட்டும் ஒவ்வொன்றிலும் தனியாகப் போட வேண்டியிருந்தது. பைத்தான் போடும்போது முதல் திரையில், பாத்தில் (எந்த நிரல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் தேடிப் பார்க்கும் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறந்தால் பிறகு தலைவேதனை. கம்பைலருக்கு அப்படிக் கட்டம் கிடையாது, பாத்தில் நாமே கையால் சேர்க்க வேண்டும்.

விண்டோஸ் 10 கணினிகள் இரண்டிலும் புதிய எடிட்டர் ஓடுமே, ஏன் பழையதைப் போட்டீர்கள் என்று தங்கை மகன் சண்டை பிடித்தான். ஆறு கணினியிலும் ஒரே முகம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பிள்ளை இன்றைக்கு இதில் உட்காரும், நாளைக்கு அதில். நெட்டில் இணைந்த கணினி என்றால் அவன் சொல்வதே சரி, பழைய பதிப்பை வைத்திருப்பது ஆபத்து. எங்கள் கணினிகள் வெளியுலகைப் பார்த்ததே இல்லை.

நகல் எடுப்பதிலும் பட்டு அறிந்தது உண்டு. எக்ஸ்டென்ஷன் ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள். அப்படியே பென்டிரைவுக்கு இழுத்தால் ஒரு கிரிக்கெட் ஆட்டம் முடியும் வரை கோடு நகராது. ஒரே ஜிப்பாகக் கட்டி எடுத்தால் சட்டென்று போய்விடும். விரிக்கிற இடம் டி டிரைவின் வாசலிலேயே இருக்கட்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் ஆழத்தில் விரித்தால் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டி, சில கோப்புகள் வராமலே போகும். பேத்தி ஆசையாக ஒரு ஃபோல்டருக்குத் தமிழில் 'கணக்கு' என்று பெயர் வைத்தாள். பைத்தான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சி பிளஸ் பிளஸ் கம்பைலர் மட்டும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சாதித்தது. நிரலுக்குள்ளே தமிழ் எழுதலாம், ஃபோல்டர் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது இன்றுவரை வருத்தம். எனக்கும்தான்.

வெளியே போய்வந்த பென்டிரைவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒருமுறை உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி வந்தன. அதிலிருந்து, இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்க்கிற பழக்கம் வைத்திருக்கிறோம். பைத்தான் தளத்தில் கோப்புக்குப் பக்கத்திலேயே அதன் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் கொடுத்திருப்பார்கள். அதை எழுதிவந்து, விண்டோஸிலேயே இருக்கும் 'செர்ட்யூட்டில்' என்ற கட்டளையால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விஎஸ்ஐஎக்ஸை மார்க்கெட்பிளேஸில் இருந்து அல்லாமல் கண்ட தளத்திலிருந்து எடுக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் என்பது நம் கணினியில் நம் அதிகாரத்தோடு ஓடுகிற நிரல். வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல.

எக்ஸ்டென்ஷன்களுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு, அதை செட்டிங்கில் நிறுத்தி வைக்க வேண்டும். நாங்கள் முதலில் நிறுத்தவில்லை. ஒரு பையன் தன் லேப்டாப்புக்கு எங்கள் ஃபோல்டரை நகலெடுத்துப் போய், அருமனையில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தான். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றும் புதுச்சட்டை வாங்கப் புறப்பட்டு அவனுடைய அன்றைய டேட்டா முழுவதையும் தின்றுவிட்டன. எதைப் போடலாம், எதை விடலாம் என்பதும் அனுபவத்தில்தான் தெரிந்தது. இப்போது எல்லோரும் பேசுகிற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் நெட் இல்லாமல் வாயைத் திறக்காது. லைவ் சர்வர் என்று ஒன்று, பெயரைப் பார்த்தால் நெட் கேட்கும் போலிருக்கும், கேட்காது. கணினிக்குள்ளேயே ஓடி, எச்டிஎம்எல்லில் ஒரு எழுத்தை மாற்றியதும் பக்கத்தில் காட்டும். பிள்ளைகளுக்கு இதில்தான் அதிக ஆசை.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் கட்டித் தருகிற விஎஸ் கோடை நம் கணினிகளில் எத்தனையிலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதைப் பிறருக்குப் பகிர அதன் உரிமம் இடம் தருவதில்லை. இது தெரிந்த பிறகு லேப்டாப் பையன்களுக்கு நகல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அதே மூலநிரலிலிருந்து கட்டிய விஎஸ்கோடியம் என்று ஒன்று எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது, அதைத் தாராளமாகக் கைமாற்றலாம். அதற்கான எக்ஸ்டென்ஷன்கள் ஓபன் விஎஸ்எக்ஸ் என்ற தளத்தில். அங்கே இணையப் பக்கத்திலேயே டவுன்லோட் பொத்தான் இருக்கிறது. ஒரு குறை, மைக்ரோசாஃப்ட்டின் சி பிளஸ் பிளஸ் எக்ஸ்டென்ஷனையும் பைலான்ஸையும் கோடியத்தோடு சேர்க்க முடியாது. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு கிளாங்டியும் பைத்தானுக்குப் பைரைட்டும் பதிலாக இருக்கின்றன. பிறருக்குக் கொடுக்கிற பென்டிரைவுக்கு இதுவே பொருத்தம்.

இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கணினி கொடுப்பவர்களிடம், அரசாக இருந்தாலும் கல்ஃப் பணமாக இருந்தாலும், நான் கேட்பது ஒன்றே ஒன்று. கணினியோடு ஒரு பென்டிரைவும் ஒரு தாளும் கொடுங்கள். பென்டிரைவில் அந்தக் கணினிக்குப் பொருந்துகிற எடிட்டர், எக்ஸ்டென்ஷன்கள், பைத்தான், கம்பைலர். தாளில் ஒவ்வொன்றின் பதிப்பு எண், எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்பது, தமிழில். நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வருகிற மாணவர்கள் எங்கள் சாலையோரம் புல் வெட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த மழை நாட்டில் அது பதினைந்து நாளில் மறுபடி முளைத்துவிடும். முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால், நான்கு பேர் சேர்ந்து ஒரு பள்ளியின் கணினி அறையை முடித்துவிடலாம். மாவட்ட அளவில் யாராவது வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைத் திருத்தி வெளியிட்டால் இன்னும் நல்லது. உங்கள் மாணவர் பக்கத்தில் அதற்குக் கால் பக்கம் ஒதுக்கலாம்.

நெட் கேளுமய்யா, பென்டிரைவ் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகிற திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. வரட்டும், குழி எங்கே தோண்டினால் பாறை இடிக்காது என்று காட்ட நானே வருகிறேன். அது வந்து சேர்வதற்குள் என் பேத்தி பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சில் இருப்பது ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அப்பன் விடியுமுன் தோட்டத்துக்குப் போனதும் இவர்கள் படிப்பகத்துக்கு வந்து சாவி கேட்கிறார்கள்.

எங்கள் தாளின் நகல் வேண்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் படிப்பகத்துக்கு வரலாம். கோடியம் வேண்டுமென்றால் காலியான 16 ஜிபி பென்டிரைவ் கொண்டுவரவும், ஷார்ட்கட் வைரஸ் இல்லாமல்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடமில்லை என்று வெட்டுவதானால் ரிப்பன் கதையையும் ரசவடையையும் வெட்டிக்கொள்ளுங்கள். பதிப்பு எண்களை மட்டும் விட்டுவைக்க வேண்டுகிறேன். விஎஸ் கோட் 1.70.3. பைத்தான் 3.8.10.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் லைன்மேன்,
குலசேகரம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.